மன்னர் இல்லாத இந்தியாவைக் கேட்ட மௌலானா: ஹஸ்ரத் மோஹானி

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 26 அன்று நம் மதரஸாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஜமாஅத் அலுவலகங்களிலும் கொடியேற்றுகிறோம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம். அரசியல் சாசனத்தின் முகப்புரையைச் சேர்ந்து வாசிக்கிறோம். குடியரசு நாளுக்கு ஏன் இந்தத் தேதி என்று நம் பிள்ளைகள் கேட்டால், நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

சாசனம் நிறைவேறியது 1949 நவம்பர் 26 அன்று. அது முழுமையாக நடைமுறைக்கு வர 2 மாதம் காத்திருந்து ஜனவரி 26-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், முழு விடுதலையே தன் இலக்கு என்று தீர்மானித்தது. 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் மக்கள் அதற்கான உறுதிமொழி எடுத்தார்கள். அந்த நாளின் நினைவாகத்தான் இந்தத் தேதி.

ஆனால் அந்தக் கோரிக்கை 1929-ல் முளைத்ததல்ல. அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே, அதே காங்கிரஸின் மாநாட்டில் முழு விடுதலைத் தீர்மானத்தைக் கொண்டுவந்து, காந்தியடிகளே எதிர்த்ததால் தோற்றுப்போன ஒருவர் இருந்தார். பிறகு, சுதந்திர இந்தியாவின் சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உட்கார்ந்தார். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டார். அங்கேயும் பெரும்பாலும் தோற்றார். அவர்தான் மௌலானா ஹஸ்ரத் மோஹானி.

இன்று நம் ஊர்த் தெருக்களில் எந்தக் கட்சி ஊர்வலம் போனாலும் ஒலிக்கும் இன்குலாப் ஜிந்தாபாத் என்ற முழக்கத்தை நாட்டுக்குக் கொடுத்தவரும் அவரே. முழக்கம் நிலைத்துவிட்டது, கொடுத்தவர் பெயர் மறைந்துவிட்டது. அந்தப் பெயரை நம் வீடுகளில் மீண்டும் உச்சரிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மோஹான் என்ற சிற்றூரிலிருந்து

அவருடைய இயற்பெயர் சையித் ஃபஸ்லுல் ஹஸன். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் உள்ள மோஹான், அவர் பிறந்த ஊர். ஊர்ப்பெயரால் மோஹானி ஆனார். ஹஸ்ரத் என்பது கவிதைக்காக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். நிறைவேறாத ஏக்கம் என்பது அதன் பொருள். அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பார்க்கும்போது, இந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும்.

அலிகர் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் படித்து 1903-ல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் அலிகரில் பட்டம் வாங்கிய இளைஞருக்கு அரசு வேலையின் கதவு திறந்தே இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. அதே ஆண்டில் அலிகரிலிருந்து உருது-ஏ-முஅல்லா என்ற மாத இதழைத் தொடங்கினார். இலக்கியமும் அரசியலும் கலந்த இதழ் அது. பழைய உருதுக் கவிஞர்களின் படைப்புகளைத் தேடித் தொகுத்து வெளியிட்டார். கூடவே, ஆங்கிலேய ஆட்சியைத் துணிந்து விமர்சித்தார்.

அரசியலில் அவர் திலகரின் வழியைப் பின்பற்றினார். 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று பிளந்தபோது, திலகர் பக்கம் நின்று வெளியேறினார். கெஞ்சிக் கேட்டு வாங்குவது விடுதலையாகாது என்பது அப்போதே அவருடைய முடிவு.

எழுதாத கட்டுரைக்காகச் சிறை

1908-ல் உருது-ஏ-முஅல்லாவில் ஒரு கட்டுரை வந்தது. எகிப்தில் ஆங்கிலேயர் பின்பற்றும் கொள்கையைக் கண்டிக்கும் கட்டுரை. எழுதியவர் பெயர் அதில் இல்லை. அரசு அதை ராஜத்துரோகம் என்றது. எழுதியவர் யார் என்று சொன்னால் ஆசிரியருக்குச் சிக்கல் குறையலாம் என்ற நிலை. மௌலானா பெயரைச் சொல்லவில்லை. தன் இதழில் வந்ததற்குத் தானே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார்.

அவருக்குக் கடுங்காவல் தண்டனையும் 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. 2 ஆண்டு என்று தீர்ப்பளிக்கப்பட்ட சிறைவாசம் மேல்முறையீட்டில் ஓராண்டாகக் குறைந்தது. அபராதம் கட்டப் பணமில்லை. அதற்காக அவருடைய நூலகம் ஜப்தி செய்யப்பட்டது. பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த அரிய புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அற்ப விலைக்குப் போயின. எழுத்தாளர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சிறையில் அவரை அரசியல் கைதியாக நடத்தவில்லை. சாதாரணக் குற்றவாளிகளோடு சேர்த்து, திருகையில் தானியம் அரைக்க விட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு மணங்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோ அரைக்க வேண்டும். திருகையைச் சுற்றிக்கொண்டே கவிதை எழுதினார். சிறைக் கைதியின் உழைப்பும் கவிஞனின் பயிற்சியும் ஒன்றாக நடக்கும் வேடிக்கையை அவரே ஒரு கவிதையில் பாடியிருக்கிறார். உருது படிக்கும் வீடுகளில் அது இன்றும் நினைவில் இருக்கிறது.

விடுதலையானதும் ஓய்ந்துவிடவில்லை. இதழை மீண்டும் நடத்தினார். அந்நியப் பொருட்களைப் புறக்கணிக்கச் சொன்னவர், அலிகரில் சுதேசிக் கடை ஒன்றையும் திறந்தார். ஒரு குளிர் இரவில், தங்கியிருந்த வீட்டில் போர்த்திக்கொள்ளக் கொடுத்த கம்பளி வெளிநாட்டுத் தயாரிப்பு என்று தெரிந்ததும், அதைத் தொடாமல் விடியும்வரை நடுங்கிக்கொண்டே கிடந்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

நிஷாதுன்னிஸா பேகம்

மௌலானாவைப் பற்றிப் பேசும்போது அவருடைய துணைவியார் நிஷாதுன்னிஸா பேகத்தை விட்டுவிட முடியாது. 1908-ல் கணவரைக் கைது செய்தபோது வீட்டில் அவர்களுடைய கைக்குழந்தை நோயுற்றுக் கிடந்தது. அந்த நிலையிலும் அவர் சிறைக்கு எழுதிய கடிதத்தில், வீட்டை நினைத்துக் கலங்காமல் உறுதியாக இருக்கும்படி கணவருக்குத் தைரியம் சொன்னார்.

முதல் உலகப் போரின்போது, 1916-ல் மௌலானா மீண்டும் கைதாகி 1918 வரை அடைபட்டுக் கிடந்தார். அப்போது பேகம்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். கணவரின் நிலை குறித்துத் தலைவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதினார். பண உதவி செய்ய முன்வந்தவர்களிடம், உதவ விரும்பினால் புத்தகங்களை விலைகொடுத்து வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். 1917-ல் இந்தியாவுக்கு வந்த அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்த பெண்கள் தூதுக்குழுவிலும் இடம்பெற்றார்.

பர்தாவுக்குள் வளர்ந்த பெண், தேவை வந்தபோது வழக்கையும் அச்சகத்தையும் குடும்பத்தையும் தனியாகச் சுமந்தார். 1937-ல் அவர் இறையடி சேர்ந்தார். நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய வாழ்க்கை அது.

அஹமதாபாத், 1921

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருவோம்.

1921-ல் ஒத்துழையாமை இயக்கமும் கிலாஃபத் இயக்கமும் சேர்ந்து நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தன. காங்கிரஸின் இலக்கு சுயராஜ்யம். ஆனால் சுயராஜ்யம் என்றால் என்ன என்பது திட்டவட்டமாகச் சொல்லப்படவில்லை. பல தலைவர்களின் மனதில் இருந்தது டொமினியன் அந்தஸ்து. கனடா, ஆஸ்திரேலியா போல உள்நாட்டு ஆட்சி நம் கையில் இருக்கும். ஆனால் மேலே பிரிட்டிஷ் மன்னர் இருப்பார். சட்டங்கள் அவர் பெயரால் நிறைவேறும், பிரமாணம் அவருக்கு எடுக்க வேண்டும்.

மௌலானாவுக்கு அது அரைகுறை விடுதலையாகப் பட்டது. அந்த டிசம்பரில் அஹமதாபாதில் ஹகீம் அஜ்மல் கான் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சுயராஜ்யம் என்றால் அந்நியக் கட்டுப்பாடு ஏதுமற்ற முழு விடுதலை என்று வரையறுக்க வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியடிகள் எழுந்து எதிர்த்தார். மக்கள் இன்னும் அந்த அளவுக்குத் தயாராகவில்லை, ஆழம் தெரியாத தண்ணீரில் காலை விடக்கூடாது என்பது அவருடைய வாதம். அவர் சொன்ன பிறகு தீர்மானம் தோற்றது.

அதே நாட்களில், அதே ஊரில், முஸ்லிம் லீகின் மாநாடும் கூடியது. அதற்குத் தலைவர் மௌலானாவே. தலைமையுரையில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்நிய ஆட்சி நீங்கிய இந்தியா எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொன்னார். அது மன்னரற்ற குடியரசாக இருக்க வேண்டும், அமெரிக்காவைப் போல மாகாணங்கள் சேர்ந்த கூட்டாட்சியாக இருக்க வேண்டும் என்றார். இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் முஸ்லிம்களுக்கு இருந்த அச்சத்துக்கும் அதிலேயே விடை சொன்னார். மத்தியில் முஸ்லிம்கள் சிறுபான்மை என்றாலும் பஞ்சாப், வங்காளம் போன்ற மாகாணங்களில் அவர்கள் பெரும்பான்மை. அதிகாரம் மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டால் யாரும் யாரையும் நசுக்க முடியாது என்பது அவர் கணக்கு.

விடுதலையைக் கேட்பது வேறு, விடுதலைக்குப் பிறகு வரும் அரசின் வடிவத்தை யோசிப்பது வேறு. சாசனம் எழுதுவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இரண்டாவதைச் செய்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கான விலை உடனே வந்தது. 1922-ல் கைது செய்யப்பட்டார். அக்காலத்தில் இந்தியாவின் குற்ற வழக்குகள் சக்கரவர்த்தியின் பெயரிலேயே நடக்கும். மன்னர் வேண்டாம் என்றவர் மீது மன்னர் பெயரிலேயே வழக்கு. ராஜத்துரோகக் குற்றச்சாட்டோடு, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டும் சேர்க்கப்பட்டது. போர்க் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. ஆனாலும் 1924 வரை மூன்றாவது முறையாகச் சிறையில் இருந்தார்.

அவர் கொடுத்த முழக்கம் மட்டும் வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. 1929 ஏப்ரல் 8 அன்று தில்லி மத்திய சட்டசபையில் குண்டு வீசிவிட்டு, ஓடாமல் நின்ற பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் எழுப்பியது அந்த முழக்கத்தைத்தான். அதே ஆண்டு டிசம்பரில்தான் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலையை ஏற்றது. அஹமதாபாதில் தோற்ற தீர்மானம் 8 ஆண்டுகளில் நாட்டின் தீர்மானமாயிற்று.

எந்தப் பெட்டியிலும் அடங்காதவர்

மௌலானாவை ஒரு கட்சிக்குள் அடைக்க முடியாது. 1925 டிசம்பரில் கான்பூரில் முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாடு நடந்தபோது அதன் வரவேற்புக் குழுத் தலைவர் அவர். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னையின் ம. சிங்காரவேலர். வடக்கிலிருந்து ஒரு மௌலானாவும் தெற்கிலிருந்து ஒரு பகுத்தறிவாளரும் உழைப்பவர்களுக்காக ஒரே மேடையில் நின்றார்கள்.

கம்யூனிஸ்டுகளோடு நின்றாலும் ஐவேளைத் தொழுகையை விட்டவரல்லர். லக்னோ ஃபிரங்கி மஹல் ஆலிம்களோடு ஆன்மிகத் தொடர்பு கொண்டவர். பலமுறை ஹஜ் செய்தவர். உழைப்பவன் வயிறு காயக்கூடாது என்பதை இஸ்லாத்திலிருந்தே எடுத்ததாக அவர் கருதினார். இன்னொரு பக்கம், மதுராவுக்குப் போய்வருவார், கிருஷ்ணரைப் பற்றியும் கவிதை எழுதியிருக்கிறார். அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் காலத்திலேயே ஆலிம்களும் கம்யூனிஸ்டுகளும் அவரோடு முரண்பட்டார்கள். ஆனால் அவர் எதையும் பதவிக்காகச் சொன்னார் என்று எதிரிகளும் சொன்னதில்லை.

அரசியல் நிர்ணய சபையில்

1946-ல் ஐக்கிய மாகாணத்திலிருந்து முஸ்லிம் லீக் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். 1946 டிசம்பர் 9 அன்று சபை கூடியபோது லீக் உறுப்பினர்கள் புறக்கணித்தார்கள். பிரிவினை முடிவான பிறகு, 1947 ஜூலையில், இந்தியாவில் தங்கிய லீக் உறுப்பினர்கள் சபைக்குள் வந்தார்கள். லீகின் முன்னணித் தலைவர்கள் பலர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். மௌலானா போகவில்லை. எந்த மண்ணின் விடுதலைக்காகச் சிறை சென்றாரோ அதே மண்ணில் இருந்தார்.

அன்றைய சூழ்நிலையை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிவினைக் கலவரத்தின் இரத்தம் காயவில்லை. லீக்காரர் என்ற பெயரே சந்தேகத்தைக் கிளப்பும் காலம். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைத்தார்கள். 70 வயதை நெருங்கிய அல்லது கடந்த அந்த முதியவரோ, சபையில் அடிக்கடி எழுந்தார்.

1948 நவம்பர் 4 அன்று டாக்டர் அம்பேத்கர் வரைவுச் சாசனத்தைச் சபை முன் வைத்தார். அதற்கே மௌலானா ஆட்சேபம் எழுப்பினார். இந்தச் சபை ஆங்கிலேயர் காலத்துத் தனித்தொகுதி முறையில் தேர்வானது. சுதந்திர நாட்டின் சாசனத்தை எழுத, கூட்டுத் தொகுதி முறையில் மக்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் சபை வேண்டும், அதுவரை ஒத்திவையுங்கள் என்றார். தனித்தொகுதியின் வழியாக வந்த ஒரு லீக் உறுப்பினரே அதைக் கைவிடச் சொன்னார் என்பதுதான் இதில் வியப்பு. சபை அதை நிராகரித்தது.

சாசனத்தின் முதல் பிரிவில் இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று எழுதப்பட்டிருந்தது. மாநிலங்கள் என்பதற்குப் பதில் குடியரசுகள் என்று இருக்க வேண்டும் என்றார் அவர். 1949 அக்டோபர் 17 அன்று முகப்புரை விவாதத்துக்கு வந்தபோதும் அதையே வலியுறுத்தினார். சோவியத் ஒன்றியத்தின் மாதிரியில், இந்திய சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம் என்று நாட்டை அமைக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். அதுவும் தோற்றது. 1921-ல் அமெரிக்காவை எடுத்துக்காட்டியவர் 1949-ல் சோவியத்தை எடுத்துக்காட்டினார். எடுத்துக்காட்டு மாறியது. மாகாணங்களுக்கு உண்மையான அதிகாரம் வேண்டும் என்ற கருத்து மாறவில்லை. மாநில உரிமை பற்றித் தமிழகம் பேசும் ஒவ்வொரு முறையும், அந்தச் சபையில் அதற்காக எழுந்த குரல்களில் ஒன்று இந்த மௌலானாவுடையது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் மன்னர்

ஆனால் அவரை மிகவும் உறுத்தியது வேறொன்று.

1947 ஆகஸ்ட் 15-ல் நாம் சுதந்திரம் பெற்றோம். ஆனால் 1950 ஜனவரி 26 வரை இந்தியா ஒரு டொமினியனாகத்தான் இருந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரே சட்டப்படி அரசின் தலைவர். அவர் பெயரால் முதலில் மவுண்ட்பேட்டனும், 1948 ஜூனிலிருந்து நம் ராஜாஜியும் கவர்னர் ஜெனரலாக இருந்தார்கள். சாசனம் வந்ததும் மன்னரின் நிழல் முற்றிலும் விலகும் என்று மௌலானா எதிர்பார்த்தார்.

1949 ஏப்ரலில் லண்டனில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். இந்தியா குடியரசாகும், ஆனாலும் காமன்வெல்த்தில் நீடிக்கும் என்று முடிவானது. அந்நாடுகளின் சுதந்திரமான இணைப்புக்கு அடையாளமாகவும், அந்த வகையில் காமன்வெல்த்தின் தலைவராகவும் பிரிட்டிஷ் மன்னரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். மே மாதத்தில் இதற்கு ஒப்புதல் கேட்டு நேரு அரசியல் நிர்ணய சபைக்கு வந்தார்.

நேருவின் பக்கமும் நியாயம் இருந்தது. மன்னருக்கு இந்தியாவில் எந்த அதிகாரமும் இல்லை, விசுவாசப் பிரமாணமும் இல்லை. விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். உலக அரசியலில் நண்பர்கள் தேவை. பெரும்பான்மை உறுப்பினர்கள் இதை ஏற்றார்கள். மௌலானாவும் இன்னும் சிலரும் ஏற்கவில்லை. மௌலானா கடுமையாக எதிர்த்தார். அடையாளமாகக்கூட ஒரு மன்னர் எதற்கு என்பதுதான் அவர் கேள்வி. 1921-ல் கேட்ட அதே கேள்வி.

முகப்புரையிலும் அவர் கண் அங்கேயே போனது. 1947 ஜனவரியில் சபை நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானத்தில், இறையாண்மை என்ற சொல்லோடு சுதந்திரம் என்ற சொல்லும் இருந்தது. இறுதி முகப்புரையில் இறையாண்மை மிக்க மக்களாட்சிக் குடியரசு என்று எழுதினார்கள். சுதந்திரம் என்ற சொல் இல்லை. இறையாண்மைக்குள் அது அடக்கம் என்றார்கள் வரைந்தவர்கள். அந்தச் சொல்லை மீண்டும் சேர்க்க வேண்டும் என்றார் மௌலானா. சபை இணங்கவில்லை.

சென்னை உறுப்பினர்களோடு

அந்தச் சபையில் நம் சென்னை மாகாணத்து முஸ்லிம் உறுப்பினர்களும் இருந்தார்கள். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப், போக்கர் சாஹிப், மஹ்பூப் அலி பேக் சாஹிப் ஆகியோர் அவர்களில் சிலர். எல்லாவற்றிலும் இவர்களும் மௌலானாவும் ஒத்துப்போகவில்லை. 1949 மே மாதத்தில்கூட காயிதே மில்லத் தனித்தொகுதி முறைக்காக வாதாடினார். மௌலானாவோ கூட்டுத் தொகுதியே வேண்டும் என்றார். இருவரும் நேர்மையாக நம்பியதையே பேசினார்கள்.

ஆனால் தனியார் சட்டத்தில் குரல் ஒன்றாயிற்று. 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, ஒரு சமூகத்தின் தனியார் சட்டத்தை அதன் விருப்பமின்றிப் பறிக்கக்கூடாது என்று சென்னை உறுப்பினர்கள் திருத்தங்களைக் கொண்டுவந்து வாதாடினார்கள். அடுத்த மாதம் மௌலானாவும் அதே கருத்தை முன்வைத்தார். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவை முஸ்லிம்களுக்கு மார்க்கத்தின் பகுதி, எந்தக் கட்சிக்கும் அதில் கைவைக்க உரிமையில்லை என்று உறுதியாகச் சொன்னார். திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. பிரிவு வழிகாட்டு நெறிகளில் ஒன்றாகச் சாசனத்தில் இடம்பெற்றது. இன்று 44-ஆம் பிரிவு என்று நாம் விவாதிப்பது அதுதான்.

மாற்றுக் கருத்தை மதித்துக்கொண்டே ஒன்றுபட வேண்டிய இடத்தில் ஒன்றுபடுவது எப்படி என்பதை அந்த முன்னோர்கள் காட்டியிருக்கிறார்கள். சிறு கருத்து வேறுபாட்டுக்கெல்லாம் பிரிந்து நிற்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

பள்ளிவாசலில் தங்கிய உறுப்பினர்

சபைக் கூட்டத்துக்காகத் தில்லி வரும்போது மௌலானா அரசு விடுதியில் தங்கமாட்டார். பள்ளிவாசலில் தங்குவார். ரயிலில் மூன்றாம் வகுப்பில் வருவார். சபைக்கு மற்றவர்களோடு சேர்ந்து குதிரை வண்டியிலோ நடந்தோ போவார். உறுப்பினர்களுக்குரிய படிப்பணத்தில் அவர் ஆசை வைத்ததில்லை. பழைய ஷெர்வானி, துருக்கித் தொப்பி, கையில் ஒரு சிறு மூட்டை, இவ்வளவுதான் அவர் உடைமை. நாட்டுக்கே சட்டம் எழுதும் சபையின் உறுப்பினர் பள்ளிவாசல் பாயில் படுத்துறங்கினார்.

1951 மே 13 அன்று லக்னோவில் அவர் இறையடி சேர்ந்தார். அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். அதற்குச் சில மாதங்கள் கழித்து, கூட்டுத் தொகுதி முறையில், வயதுவந்த எல்லாருக்கும் வாக்குரிமையோடு நாட்டின் முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

தோற்றவை எல்லாம் தோல்வியல்ல

அவருடைய கணக்கைப் பார்ப்போம். முழு விடுதலை: 1921-ல் தோற்றது, 1929-ல் ஏற்கப்பட்டது. மன்னரற்ற குடியரசு: அதே அஹமதாபாதில் கேட்டது, 1950-ல் கிடைத்தது. முகப்புரையில் அவர் கேட்ட சோஷலிசம் என்ற சொல்: 1949-ல் மறுக்கப்பட்டது, 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் மூலம், அவர் கேட்ட வடிவில் இல்லாவிட்டாலும், சமதர்மம் என்று உள்ளே வந்தது. காமன்வெல்த்திலிருந்து விலக வேண்டும் என்றது இன்றுவரை நடக்கவில்லை. மாநிலங்களின் அதிகாரமும் தனியார் சட்டமும் இன்றும் விவாதத்தில்தான் இருக்கின்றன.

எது வெல்லும், எது தோற்கும் என்று பார்த்து அவர் பேசவில்லை. சரியென்று பட்டதைச் சரியான இடத்தில் சொல்லிப் பதிவு செய்தார். பிறகு தொழுதுவிட்டு உறங்கினார். மறுநாள் திரும்பவும் சபைக்குப் போனார். தான் எதிர்த்த பிரிவுகள் கொண்ட சாசனம் உருவான சபையை விட்டு அவர் ஓடிவிடவில்லை. உள்ளே இருந்தே வாதாடினார். இந்த நாட்டின் சாசனம் யாரோ எழுதி நம் கையில் கொடுத்த தாள் அல்ல. அதை எழுதிய மேசையில் நம் முன்னோர்களும் உட்கார்ந்திருந்தார்கள், கேட்டார்கள், மறுத்தார்கள், தோற்றார்கள், வென்றார்கள்.

அடுத்த ஜனவரி 26 அன்று கொடியேற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும்போது, இந்தத் தேதியின் கதையையும் சேர்த்துச் சொல்வோம். திருகை சுற்றிய கவிஞரைப் பற்றிச் சொல்வோம். புத்தகம் விற்றுக் குடும்பம் காத்த பேகத்தைப் பற்றிச் சொல்வோம். பள்ளிவாசல் பாயிலிருந்து எழுந்து போய், மன்னர் வேண்டாம் என்று சபையில் சொன்ன முதியவரைப் பற்றிச் சொல்வோம்.

வல்ல அல்லாஹ் அவர்கள் இருவரின் பிழைகளையும் பொறுத்து, மறுமையில் உயர்ந்த இடத்தை அருள்வானாக. உண்மையைத் தயங்காமல் சொல்லும் துணிவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.